பதினோராம் எண் கூண்டு

மஞ்சக்குப்பம், மருந்துக்கடை மாடி.
கதவு தெரிகிற நாற்காலிதான் எனக்கு.
சொல்லாமலே இழுத்துப் போட்டார்
அமலோற்பவ மேடம்.

ஒன்றிலிருந்து பத்துக்குள்
பயம் இப்போ எத்தனை என்றார்.

பதினொன்று.

பத்து வரைக்கும்தானே கேட்டேன்?

நான் முதுநகர்க்காரி மேடம்.
எங்க துறைமுகத்துல கூண்டு பதினொன்று வரை உண்டு.
பத்துன்னா பெரும்புயல்.
பதினொன்றுன்னா
வானிலை ஆபீசோட பேச்சே அறுந்துபோச்சுன்னு அர்த்தம்.
எது வருது, எப்போ வருது
சொல்ல ஆளில்ல.

பேனாவை மூடி வைத்தார்.
மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.
அன்றைக்கு அவ்வளவுதான்.

அடுத்தடுத்த வியாழன்களில்
ஒன்பது. ஏழு. மறுபடி பத்து.
அந்த வாரம் தெருமுனையில்
அதே பைக் நின்றது.
குளிக்கப் போனால் தாழ்ப்பாளை நாலு தரம் இழுத்துப் பார்ப்பேன்,
இப்போது இரண்டு.
அம்மாவிடம்கூடச் சொல்லாத கணக்கு.

இன்று மூன்று.
மூன்றுக்கும் படகு போகாது.
ஆனால் கரையில் உட்கார்ந்து
வலைச்சிக்கல் எடுக்கலாம்.

இறங்கும்போது படிக்கட்டில்
யாரோ எனக்குப் பின்னால் வந்தார்கள்.
பஸ் ஏறி
கெடிலம் பாலம் தாண்டியபிறகுதான் உறைத்தது,
நான் திரும்பிப் பார்க்கவேயில்லை.