எடை மேடை

மேலூர் நாலுவழிச் சாலையோரம்
எடை மேடையில் எனக்கு வேலை.
பாரத்தோடு ஒருதரம் நிறுத்து
இறக்கித் திரும்புகையில் இன்னொருதரம் நிறுத்து
கழித்துச் சீட்டுக் கிழிப்பேன்.
டிரைவர் இறங்க வேண்டும் என்பது விதி.
இந்த வெயிலில் யார் இறங்குகிறார்கள்?
இரண்டு தடவையும் அவரோடுதான் எடை.
கழித்தால்
அவர் கணக்கிலேயே இருக்கமாட்டார்.

பன்னிரண்டு வருஷமாக
ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு மாத்திரை,
முழு டம்ளர் தண்ணீர்.
விடிந்தால் இமை வீங்கியிருக்கும்.
அழுதீங்களாக்கா என்பான் டீக்கடை சோலைமலை.
இல்லை இல்லையென்று சொல்லி அலுத்து
இப்போதெல்லாம்
ஆமா, சக்கரை கம்மியா ஒண்ணு போடு.

ரத்தத்தில் என்று தெரிந்த வாரம்
ஏழு ஹார்லிக்ஸ் பாட்டில் வந்தது.
வெள்ளைக்கண்ணுச் சித்தப்பா கையைப் பிடித்துக்கொண்டு
பிள்ளையை நான் பாத்துக்கிறேன்த்தா என்றார்.
அவர் கருமாதிக்குக் காய்கறி வாங்கியது நான்தான்.
பிள்ளை பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம்.
போனுக்காகக் கதவை அறைந்து சாத்துகிறாள்.
சாகப்போகிறவளிடம் யாரும்
அப்படிச் சண்டை போடமாட்டார்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருநாள் லீவு.
மாட்டுத்தாவணியில் இறங்கி கோரிப்பாளையம் பஸ்.
ஜெசிந்தா சிஸ்டர் நரம்பைத் தேடுவதில்லை,
என் கை அவளுக்கு மனப்பாடம்.
முடிவு வரப் பத்து நாள்.
அந்தப் பத்து நாள் மட்டும்
லாரி மேடையேறும் அதிர்வு
முதுகுத்தண்டில் கேட்கும்.
பிறகு ஒரு எண்.
சைபர், புள்ளி, சைபர்,
அப்புறம் சின்னதாய் ஏதோ.
டாக்டர் அந்த ஏதோவின் மேல் விரலை வைத்துக்கொண்டு
நல்லாயிருக்கு என்பார்.
நான் விரலையே பார்ப்பேன்.

எதிர்வீட்டுப் பஞ்சவர்ணத்துக்குப் பிடிபடவில்லை.
சரியாயிருச்சா இல்லையா, ஒண்ணைச் சொல்லு.
இருக்கு.
எது?
அது இருக்கு. நானும் இருக்கேன்.
குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு
தண்ணி நின்னுரும் என்று போனாள்.

கெண்டைக்கால் பிடித்து இழுத்த ஒரு ராத்திரி ஷிப்டில்
ஆளில்லாத நேரம்
செருப்பைக் கழற்றிவிட்டு
மேடை நடுவில் போய் நின்றேன்.
பத்துப் பத்தாய்த்தான் காட்டும் அந்தப் பெட்டி.
கண்ணாடிக்குள்ளே சிவப்பாய் அறுபது.
ஆஸ்பத்திரித் தராசில் நான் ஐம்பத்தேழு.
மிச்சம் மூன்றை
யார் பேரில் எழுத என்று யோசிப்பதற்குள்
எம்-சாண்ட் லாரி ஒன்று
ஹாரனை விடாமல் அமுக்குகிறது,
வழியை விடுக்கா, விடிஞ்சிரும்.