போனஸுக்கு மறுநாள்

இருநூற்றுப் பதினாலு கவர்கள்.
ஒவ்வொன்றின் மேலும் என் கையெழுத்தில்
பெயர், டோக்கன் எண், தொகை.
எச்சில் தொட்டு எண்ணக் கூடாதென்று
சோப்பு டப்பாவில் ஈரப் பஞ்சு.
ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு
ஓவர்லாக் பாவாயக்கா
கடைசி ஆளாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு
"உங்குளுக்கு எத்தனைங் அம்மிணி?" என்றாள்.
என் கவரை
நான் இன்னும் ஒட்டவேயில்லை.

ஸ்கூட்டியில் திரும்புகையில்
பி.என். ரோடெங்கும் மூட்டைகள்,
தூங்கும் பிள்ளையைத் தோள் மாற்றிக்கொண்டு
பஸ்ஸுக்கு ஓடும் கால்கள்.
தேனி தேனி தேனி, பட்டுக்கோட்டை, பரமக்குடி என்று
கண்டக்டர்கள் கத்தக் கத்த
திருப்பூர் காலியாகிக்கொண்டிருந்தது.
எனக்குப் போக ஊர் கிடையாது.
ராயபுரத்தில் பிறந்து
ராயபுரத்திலேயே வாடகை.

நாலரைக்கு விழிப்பு வந்தது.
வெடிச் சத்தத்தில் இல்லை.
பின்சந்து நிட்டிங் ஓடவில்லை.
ராத்திரி பகலாய் என் சுவரை
உலுக்கிக்கொண்டேயிருக்கும் வட்ட மிஷின்
நின்றுபோனதில்
கடிகாரம் கேட்டது, பிரிட்ஜ் கேட்டது,
இவர் மூக்கில் ஒரு சின்ன விசில் இருப்பது
கல்யாணமாகிப் பதினொரு வருசம் கழித்துக் கேட்டது.
எண்ணெய் தேய்க்க எழுப்பினேன்.
"ஒம்பது மணிக்குப் பாத்துக்கலாம் உடு."
சரி என்று
எண்ணெய்க் கிண்ணத்தை மூடி வைத்தபோது
வருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன்.
வசதியாகத்தான் இருந்தது.

எந்த வருசம் விட்டுப்போனது இது?
கணக்கு எழுதுகிறவள், பின்னாலிருந்து தட்டிப் பார்த்தேன்.
பன்னிரண்டு வயசில்
புதுத் துணியைத் தலையணைக்கடியில் வைத்து
மோந்து மோந்து விடிய விட்டிருக்கிறேன்.
அந்த வாசனை என்னவென்று
இப்போது எனக்குத் தெரியும்.
சாஃப்ட்னர்,
காம்பாக்டிங் சூடு,
டிரம் டிரம்மாக வரும், பில் நான்தான் பாஸ் செய்கிறேன்.
பினிஷிங் செக்ஷனைத் தாண்டும்போதெல்லாம்
தினமும் தீவாளி அடிக்கிறது,
மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறேன்.

ஜூலை வெயிலில் நாங்கள் கிறிஸ்துமஸ் தைக்கிறோம்.
வண்டி இழுக்கும் மான்கள், சிவப்புத் தொப்பி.
பனித்துளி ஒரு சென்டிமீட்டர் தள்ளி விழுந்தால்
மொத்தப் பெட்டியும் ரிஜெக்ட்.
எங்கோ ஒரு குழந்தை அதைப் பிரிக்கும் காலையில்
நாங்கள் அடுத்த கோடைக்கான
தென்னை மரங்களை அச்சடித்துக்கொண்டிருப்போம்.
எல்லாருடைய நோம்பியும் எனக்கு
ஷிப்மென்ட் தேதியாகத்தான் வருகிறது.

மிதுலா புதுப் பாவாடையை
என் முகத்தில் கொண்டுவந்து வைத்தாள்.
"மோந்து பாரேன்."
பார்த்தேன்.
சாஃப்ட்னர். கொஞ்சம் கடைத் தூசி.
"நல்லாருக்குடா கண்ணு."
அவள் என்னை ஒரு நொடி கூடுதலாகப் பார்த்துவிட்டு
வாசலுக்கு ஓடினாள்.
சங்குச் சக்கரம் ஒன்று பாதி சுற்றி
அணைந்தது. சிரித்தாள்.
அதையும் நான்
போனில்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொழுதோட ஒறம்பரை வந்தார்கள்.
கடை முறுக்கை எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றி வைத்திருந்தேன்.
நாத்தனார் கடித்துப் பார்த்து
"பதம் வந்துருச்சு உனக்கு" என்றாள்.
மறுக்கவில்லை.

ஆறாம் நாள் விடியுமுன்
பின்சந்து மிஷின் ஓடத் தொடங்கியது.
சுவர் லேசாக நடுங்கியதும்தான்
உடம்பு கழற்றிப் போட்டதுபோல் தூக்கம் வந்தது.

கம்பெனியில் பாதிப் பேர் இன்னும் வரவில்லை.
பாவாயக்கா வந்திருந்தாள், பல்லடம் பஸ்ஸில்.
மேசைமேல் ஒரு கவரை வைத்து
"நோம்பிக்கு நீங்க ஒண்ணும் சுட்டிருக்க மாட்டீங்கன்னு தெரியுமுங்" என்றாள்.
உள்ளே நாலு கச்சாயம்.
எண்ணெய் ஊறித் தெரியும் தாளில்
என் கையெழுத்தே:
டோக்கன் எண்பத்தேழு.
நின்றபடியே தின்றேன். நாலையும்.
வெல்லம் ஒட்டிய விரலைத் துடைக்க
ஈரப் பஞ்சைத் தேடினேன்.
டப்பாவுக்குள்
காய்ந்து கல்லாகிக் கிடந்தது.