பவுனுக்குக் கால் கிராம் குறைவு

அரசனில்லாக் கோட்டை என்று
இந்த ஊரைச் சொல்வதுண்டு.
நேற்று, வெயில் ஷட்டரைத் தீய்த்த மூன்று மணிக்கு
லாங்கு பஜாரில், என் தராசுத் தட்டில்
ஓர் அரசன் இறங்கினான்
முந்தானை முடிச்சிலிருந்து.

விரிஞ்சிபுரத்துக்குக் கீழே பாலாற்றில்
ஊற்று தோண்டும்போது கிடைத்ததாம்.
"தண்ணிக்குத்தான் சார் தோண்டினேன்" என்றாள் தேசம்மா,
தப்பு ஆற்றின் மேல் என்பதுபோல.

ஏழே முக்கால் கிராம்.
உரைகல்லில் ஒரு கோடு, அமிலம் ஒரு சொட்டு.
கோடு அசையவில்லை.
தலையில் இலைமாலை, நீண்ட மூக்கு,
காதிலிருந்து கன்னம்வரை ஓர் உளிவெட்டு.
போரில் பட்டதில்லை அது.
உள்ளே செம்பா என்று பார்க்க
என் தொழில்காரன் எவனோ போட்டது.
ராஜா முகத்தையும் நம்பாத கை;
அந்தக் கையை எனக்குத் தெரியும்.

"சுத்தி இன்னா எழுதிக்கீது?"

லென்ஸைக் கண்ணில் இடுக்கி
காசைத் திருப்பித் திருப்பிப் படித்தேன்.
இடைவெளி இல்லை. யு வரவேண்டிய இடத்தில் வி.
எழுத்துக்கு இவ்வளவு என்று
பெயின்டரிடம் கூலி பேசிய கடைக்காரன்போல
எல்லாவற்றையும் நறுக்கியிருந்தார்கள்.
தெய்வத்துக்கு நாலெழுத்து.
அப்பன் பேருக்கு மூன்று.
மகன் என்பதற்கு ஒன்றே ஒன்று: எஃப்.

"சாமியாயிட்ட ஒருத்தருக்கு
மகன் இவருன்னு போட்டிருக்கும்மா."

"நாடாள்றவருகிட்டயும் இனிஷியல் கேட்டாங்களா?"

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.
"எம் பையனுக்கு என் பேர்ல தே-ன்னு போட்டேன்.
எட்டாவது வரைக்கும்
எட்மாஸ்டர் ஒத்துக்கல."

அப்போதுதான் சொன்னேன்:
பெத்த அப்பன் இல்லம்மா அது.
பட்டத்துக்காகத் தத்து எடுத்தது.
காசைக் கையில் வாங்கினாள்.
வெட்டின் மேல் கட்டைவிரலை
கொஞ்சநேரம் வைத்திருந்தாள்,
பையனின் காய்ச்சல் பார்ப்பதுபோல.

அடகு பிடிக்க முடியாது, புதையல் இது,
தாசில்தார் ஆபீசில் கொடுத்தால்
ரசீது தருவார்கள் என்றேன்.

"ரசீதுல யார் பேரு போடுவாங்க?"

மனுவை நானே எழுதினேன்.
கண்டெடுத்தவர்: தேசம்மாள்.
தகப்பனார் அல்லது கணவர் பெயர் என்ற இடத்தில்
பேனா நின்றது.
மண் போகாத விரல் ஒன்று மேசைமேல் நீண்டு
அடுத்த வரியைக் காட்டியது.