ஆறாயிரம் இழுப்பு

அட்டையில் ஆறாயிரம் இழுப்பு என்று போட்டிருந்தது.
எண்ணிப் பார்க்க ஆள் வைத்தா விற்கிறான்?
ஒன்பதாம் நாள் இரவு
செவ்ரிக்கும் காட்டன் கிரீனுக்கும் நடுவே
ரயில் கதவோரம், என் உள்ளங்கைக்குள்,
நீல விளக்கு மூன்று முறை கண்ணடித்துச் செத்தது.

ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.
முன்பு நாளுக்கு எட்டு சிகரெட், ஒன்று பதினெட்டு,
ஆக நூற்று நாற்பத்து நான்கு.
இப்போது இருநூறு.
மஸ்ஜித் பந்தரில் சரக்கு இறக்கும் கம்பெனிக்குப்
பதினாறு வருடமாகக் கணக்கெழுதுகிறேன்.
இந்த ஒரு கழித்தலைப் போட ஏழு மாதம் ஆயிற்று எனக்கு.
ஊதுகிறவனை ஊதாரி என்று முதலில் சொன்னவனுக்கு
என் சம்பளத் தேதி தெரிந்திருக்க வேண்டும்.

விற்கிற பையன் ஹெல்மெட்டைக் கழற்றுவதில்லை.
பில் கேட்டால் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து சிரிப்பு மட்டும் வரும்.
சட்டப்படி இல்லாத பொருள்,
விலை ஏறினால் கேட்க நாதியில்லை.
வடாலாவில் ஒரு ஹவல்தார் என் சட்டைப்பையைத் தட்டினார்.
பேனா என்றேன்.
எழுதிக் காட்டு என்றார்.
இரண்டாயிரம்.
அதை எந்தத் தலைப்பில் எழுத?

சௌரசியாவுக்கு நூற்றுப் பத்து பாக்கி நிற்கிறது.
அவர் கடையில் தொங்கும் கயிற்றின் நுனியில்
எப்போதும் ஒரு கண் சிவந்திருக்கும்.
பற்றவைக்கக் குனியும்போது
பக்கத்தில் குனிபவன் யார் எவர் என்று பார்ப்பதில்லை.
கோன்சால்வெஸுக்குப் பாதி, எனக்குப் பாதி.
மகன் வீட்டைவிட்டுப் போன செய்தியை
அவன் பாதியில்தான் சொன்னான்.
இதை யாரும் கேட்பதுமில்லை, நான் நீட்டுவதுமில்லை.

சிகரெட்டுக்கு நாலு மாடி இறங்க வேண்டும்.
லிஃப்ட் கிடையாது.
அந்த எண்பத்திரண்டு படிகள்
வேலியாக இருந்தது இப்போதுதான் தெரிகிறது.
அது பஞ்சு வரை வந்து விரலைச் சுடும்,
போதும் போ என்னும்.
இது ஒன்றும் சொல்லாது.
போர்வைக்குள். குளியலறையில்.
அடுப்படியில் கோமதி முதுகு காட்டும் கால் நிமிடத்தில்.
சாம்பல் இல்லை, சட்டையில் நாற்றமில்லை.
புகையை விட்டு ஆவியைப் பிடித்துக்கொண்டேன்.
அவர் விட்டுட்டார் என்று
அவள் அண்ணனிடம் போனில் பெருமையாகச் சொன்னாள்.
அந்தப் பெருமையையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்,
பில் இல்லாமல்.

ஏப்ரல் கடைசி ஞாயிறு. மறுநாள் பரீட்சை நித்திலாவுக்கு.
அப்பா, உன் ஹைலைட்டர் எழுத மாட்டேங்குது என்றாள்.
ஆறாம் வகுப்பு பூகோளப் புத்தகம்,
தக்காணப் பீடபூமியின் மேல் லேசாக ஓர் ஈரக் கீறல்.
கையிலிருந்து வாங்கினேன்.
வெதுவெதுவென்று இருந்தது.
அவள் கைச்சூடா, அதன் சூடா?

வாயில் வைத்தாயா என்ற கேள்வி
நாக்கு நுனிவரை வந்து நின்றுவிட்டது.
கேட்டால் அது பேனா இல்லையென்று ஆகிவிடும்.
முத்தம் கொடுப்பதுபோல் குனிந்து
மோந்து பார்த்தேன், என் சொந்த மகளை.
மாம்பழ வாசம்.

கட்டிலுக்கு அடியில் வைக்கோலில்
இரண்டு டஜன் ஹாபுஸ் பழுத்துக்கொண்டிருந்தன.
தலையணை, துணி, குடிதண்ணீர் எல்லாம் அந்த வாசம்தான்.
ஹெல்மெட் பையன் கேட்டிருந்தான்,
புதினாவா, ஐஸா, மாம்பழமா.
சீசன், யாருக்கும் சந்தேகம் வராது என்று
நானேதான் சொன்னேன்.

அவள் வேறு பேனா எடுத்துக் கோதாவரிக்குக் கோடிழுத்தாள்.
கால் ஆட்டிக்கொண்டே பாட்டு ஒன்றை முணுமுணுத்தாள்.
நடுவில் ஒருமுறை இருமினாள்.
பிள்ளைகள் இருமுவதுதான்.

இரவு குறிப்பேட்டை எடுத்து
ஆயிரத்து எண்ணூறுக்கு எதிரே
மாம்பழம் என்று எழுதினேன்.
தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த கோமதி,
இந்த வருஷம் ரொம்ப விலைதான், இல்ல? என்றாள்.