மூன்றாம் அலசல்

பேராசிரியர் ரெகுலா ஹூர்லிமானின் பிரியாவிடைக்கு
ஆறு பேர் பேசினார்கள்.
இருநூற்றுப் பதினாறு கட்டுரைகள், நான்கு விருதுகள்,
நோயெதிர்ப்பியலில் ஒரு திருப்பம் என்றார்கள்.
பின்வரிசையில் நின்று
நான் வைன் கிளாஸின் விளிம்பில் கறை தேடினேன்.
பழக்கம்.
இருபத்தேழு வருடம் அவருடைய கண்ணாடிகளைக் கழுவியவள்.

பாசெலில், ரைன் நதிக்கு இந்தப் பக்கம்,
ஒரு நிலக்கீழ் அறை.
யன்னலில் போகிறவர்களின் கணுக்கால் மட்டும் தெரியும்.
முதலில் சவர்க்காரம், பிறகு குழாய்த் தண்ணீர்,
பிறகு வடித்த நீரில் மூன்று தரம்.
சுவரில் ஜெர்மனில் ஒட்டியிருந்தார்கள்.
அதன் கீழே பென்சிலால் எழுதினேன்: மூன்று.
சுவருக்கும் கொஞ்சம் தமிழ் தெரியட்டும் என்று.

தொண்ணூற்றெட்டில் அவருக்குப் பெயர் வந்தது.
வெண்குருதிக் கலங்கள்
யாரும் தட்டாமலே விழிக்கின்றன,
ஒன்றையொன்று எழுப்புகின்றன
என்றொரு கட்டுரை.
டோக்கியோவில் கைதட்டினார்கள்.
ஆனால் மற்றவர்கள் செய்து பார்த்தபோது
லியோனில் கலங்கள் தூங்கின.
உப்சலாவிலும் தூங்கின.
ஒரு வருடம் அவர் அறையில் விளக்கு அணையவில்லை.

ஒருநாள் இரவு பத்து மணிக்கு இறங்கி வந்தார்,
என்னைத் தேடியல்ல, போத்தல் தேடி.
அரைகுறை ஜெர்மனில் சொன்னேன்:
அந்த மாசியில் வடிக்கும் இயந்திரம் பழுது.
பதினேழு நாள் தண்ணீரை அளந்துதான் தந்தார்கள்.
இரண்டு தரம்தான் அலசினேன்.

சொல்லிவிட்டுத் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
வெள்ளிக்கிழமை வாடகை.
அவர் கேட்டது ஒன்றுதான்:
"எந்தத் தட்டு?"

விடியும்வரை போத்தல்களைப் பிரித்தோம்.
செத்த பாக்டீரியாவின் தோல்,
தூசிக்கும் தூசியாய்,
கண்ணாடியில் ஒட்டிக் கிடந்திருக்கிறது.
யாரும் தட்டாத கதவு என்றாரே,
தட்டியது நான்.

கட்டுரையைத் தானே திரும்பப் பெற்றார்.
காரணம்: போதாத அலசல்.
என் பெயரை எழுதவில்லை.
அதற்கு நன்றி உண்டு.
அதற்கே கொஞ்சம் கோபமும் உண்டு.

பிறகுதான் அசல் வேலை தொடங்கியது.
அழுக்குப் போத்தலை அவர் எறியவில்லை.
அதே தூசியை அதே கலங்களுக்கு
மறுநாளும் கொடுத்தார். எழும்பவில்லை.
ஒருதரம் பதறியவை மறுதரம் பதறுவதில்லை.
தீவிர சிகிச்சையில் முதல் தொற்றைத் தாண்டியவர்கள்
இரண்டாவதில் ஏன் போகிறார்கள் என்பதற்கு
பதினொரு வருடம் கழித்து அதுவே பாதி விடை.
இப்போது சில ஆஸ்பத்திரிகளில்
ஐந்தாம் நாள் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்களாம்,
உள்ளே யாராவது விழித்திருக்கிறார்களா என்று.

ஒரு மாணவன் "அந்நியர் ஊடுருவல்" என்று தொடங்கினான்.
"உடம்பு நாடல்ல," என்றார்.
"உன் குடலில் இருப்பவற்றுக்கு யார் விசா கொடுத்தது?"
கதவருகே தட்டுடன் நின்ற நான்
அன்று ஒன்றையும் கீழே போடவில்லை.

இன்னொருநாள் அவருக்கு விளக்கினேன்:
தமிழில் நீங்கள் ஆராய்வதும் கலம்,
நான் கழுவுவதும் கலம்.
நீங்கள் செய்வதும் அலசல், நான் செய்வதும் அலசல்.
"அப்படியானால் சம்பளம் மட்டும் ஏன்..." என்று தொடங்கி
காதுவரை சிவந்துபோனார்.
சம்பளம் அப்படியேதான் இருந்தது.

ஆறு பேரும் பேசி முடித்தார்கள்.
போத்தல்கள் இப்போது பிளாஸ்டிக்; ஒருதரம் பாவித்து எறிவது.
எனக்கும் இன்னும் இரண்டு வருடம்தான்.

எல்லோரும் போன பிறகு
கை நிறைய வைன் கிளாஸ்களோடு கீழே வந்தார்.
கழுவாமலே திருப்பிக் கொடுக்கலாம் என்றேன்.
கேட்கவில்லை. சட்டைக் கையை மடித்தார்.
நன்றாகக் கழுவத் தெரியாது அவருக்கு.
தண்டைப் பிடிக்கிற விதமே பிழை.
ஒன்று.
இரண்டு.
கவிழ்த்து வைத்துவிட்டார்.

வைன் கிளாஸ்தானே.
நானும் விட்டுவிட்டேன்.