செக்ரோல், 2602

சிலிம் ரிவரை விட்டு வடக்கே போனால்
பெரிய ரோடு ஒரு வளைவில் எங்கள் தோட்டத்தை உரசும்.
அந்த வளைவில்தான் சண்டை திரும்பியது என்று
பிற்பாடு யாரோ எழுதியிருக்கிறார்கள்.
நான் அப்போது முகம் கழுவிக்கொண்டிருந்தேன்.

ஜனவரி ஏழு. விடியவில்லை.
முதலில் பூட்ஸ் சத்தம், தெற்கே பார்த்து.
கூர்க்காக்கள், தூங்கிக்கொண்டே நடப்பவர்கள்.
அவர்களுக்குப் பின்னால் இரும்பு.
மரம் வெட்டி முடிப்பதற்கும் பால் எடுக்கப் போவதற்கும்
நடுவில் ஒரு நேரம் இருக்கிறதே,
மங்கு தன்பாட்டுக்கு நிறையும் நேரம்,
கிட்டத்தட்ட அவ்வளவுதான்.
பாலம் நின்றது.
அதற்கு வெடி வைக்க வேண்டியவர்கள்தான் இல்லை.

அன்று செக்ரோலில் ‘வேலை இல்லை’ என்று எழுதினேன்.
காரணம் என்ற கட்டத்தில் ‘மழை’.
வேறு காரணத்துக்கு அந்தப் புத்தகத்தில் பழக்கமில்லை.

பிறகு கடிகாரத்தை முன்னே தள்ளினார்கள்.
தோக்கியோவில் விடிந்தால் எங்களுக்கும் விடிந்ததாம்.
நட்சத்திரம் தெரியத் தெரியப் பெரட்டு எடுத்தேன்.
ஆண்டையும் மாற்றச் சொன்னார்கள்: 2602.
அறுநூற்று அறுபது வருஷம், ஒரே நாளில்,
ஒரு பேனா முனையில்.
பாதி மரத்தைச் சாய்த்து மரவள்ளி நட்டோம்.

போர் முடிந்து வெகுநாள் கழித்து, கோலாலம்பூரில்,
பழைய பத்திரிகைக் கட்டில் தேதி பார்த்துத் தேடினேன்.
மிட்வே தீவுப் பக்கம் நான்கு கப்பல்கள் எரிந்த நாளில்
பச்சையம்மாவுக்கு அரை நாள். காய்ச்சல்.
ஸ்டாலின்கிராட்டில் ஜெர்மன்காரன் கை தூக்கிய நாளில்
உப்புப் பங்கீடு, குடும்பத்துக்கு ஒரு சிரட்டை.
பாவாடை சண்டை போட்டான், தன் சிரட்டை சின்னது என்று.
ரேடியோ வைத்திருந்த ஆ கியோங் கடைக்குச்
சீல் வைத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.
யார் சொல்வார்கள் எங்களுக்கு?

கடலில் கப்பல் போனதால்
காட்டுக்குள் ரயில் அவசரமாயிற்று.
இது அந்தக் கட்டைப் படித்தபோதுதான் விளங்கியது.
அவர்கள் தோற்கத் தொடங்கியதற்கும்
எங்கள் லயத்தில்தான் ஆள் எடுத்தார்கள்.

இருபது பேர் வேண்டும் என்றான் ஆபீசுக்கு வந்தவன்.
சயாம். மூன்று மாதம். தினம் ஒரு வெள்ளி.
என் கையெழுத்து அழகு, எல்லோரும் சொல்வார்கள்.
எட்டியான். பாவாடை. செங்கேணி.
செங்கேணியின் தம்பி, பெயர் சட்டென்று வராமல்
‘தம்பி’ என்றே எழுதிவிட்டேன்.
பத்தொன்பதாவது, எடைத் தராசில் என்னிடம் ஒருமுறை
எல்லோர் முன்னாலும் தகராறு செய்தவன்.
இருபதாவது கோட்டில் என் பெயர் சரியாகப் பொருந்தும்.
மை நின்றுவிட்டது போலிருந்தது. பேனாவை உதறினேன்.
‘சாமிக்கண்ணு’ என்று எழுதியது.

நாற்பத்தைந்து கடைசியில் துரை திரும்பினார்.
சட்டைக்குள் ஆள் பாதிதான் இருந்தார்.
கை குலுக்கினார். மரம் எத்தனை போயிற்று என்று கேட்டார்.
நிரை நிரையாகச் சொன்னேன்.
அதற்குக் கணக்கு வைத்திருந்தேன்.

அப்புறம் ஒரு நாள், பெரட்டில், வரிசைக் கடைசியில்
எட்டியான் நின்றான்.
காலில் சாக்குக் கட்டு. ஈ.
அவன் பெயர்மேல் நான் கோடு போட்டு இரண்டு வருஷம்.
“போடுங்க கிராணியாரே, இன்னிக்கு ஒண்ணு.”
போட்டேன்.
“அங்க செஞ்ச நாளெல்லாம் எந்தப் புஸ்தகத்துல இருக்கு?”
குனிந்து தாளைப் புரட்டினேன், தேடுகிறவன்போல.
தண்டல் விசில் ஊதினான்.
பழைய வரிசையில் போய்விட்டது வாய்,
எட்டியானுக்கு அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்:
பாவாடை.

யாரும் அசையவில்லை.
எட்டியான்தான் சொன்னான்,
“வரலைங்க.”