பதினோரு ஆமா

கோரிப்பாளையத்தில் பாத மருத்துவர்.
கால் ஆணியைச் சீவத்தான் போனேன்.
விளக்குத்தூண் ஜவுளிக்கடையில்
இருபத்திரண்டு வருஷமாய் நிற்கிறேன்;
உட்கார்ந்தால் முதலாளி இருமுவார்.

ஃபௌசியா டாக்டர் கண்ணை மூடச் சொன்னார்.
நைலான் இழையால் தொடுவாராம்,
பட்டதும் சொல்லணுமாம்.

"தொட்டுப் பாருங்கக்கா, வெண்ணெய் மாதிரி" என்று
நாளெல்லாம் சுங்குடி விரிக்கிற எனக்கா
இழை தெரியாது?
ஆமா. ஆமா. இந்தா, இப்ப. ஆமா.

பத்து இடம் தொட்டிருக்கிறார்.
பதினோரு ஆமா சொல்லியிருக்கிறேன்.
அதில் ஏழு, அவர் கை
குறிப்பேட்டில் இருந்தபோது.

ஆணியைச் சீவினார்.
சர்க்கரைக்கு ரத்தம் எடுக்கச் சொன்னார்.

வெளியே சித்திரை வெயில்,
தார் இளகிக் கிடந்தது.
பாலத்தில் பாதி தூரம் போயிருப்பேன்.
பின்னால் ஓடிவந்த கம்பவுண்டர் பையன்
மூச்சு வாங்க:
"அண்ணே, இடது செருப்பு அங்கயே கெடக்கு."